வி.பி.என். இணைத்ததும் காணாமல் போகும் பிரிண்டர்: ஒரு நிகழ்வு ஆய்வு

தஞ்சாவூரில் வீட்டிலிருந்து வேலை செய்யும் ஒரு பெண்மணி. மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்ப்பது அவருடைய பணி, அலுவலகம் சென்னையில். மருத்துவமனை ரசீதுகளையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் அருகருகே வைத்து, பேனாவால் குறித்துப் பார்த்த பிறகே பெரிய தொகைக்கான கோரிக்கைகளில் அவர் முடிவெடுப்பார். அதற்காகவே அலுவலகம் ஒரு கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டரை வாங்கிக் கொடுத்திருந்தது. வைஃபை வழியாக இயங்கும் பிரிண்டர். அலுவலக நெட்வொர்க்கோடு பாதுகாப்பாகச் சேர்க்கும் வி.பி.என். அலுவலக லேப்டாப்பில் இணைந்த மறுகணமே அது ‘ஆஃப்லைன்’ ஆகிவிடும். இணைப்பைத் துண்டித்தால் வரிசையில் நின்ற பக்கங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும்.

அலுவலகத்தின் உதவி மையம் வழக்கமான வேலைகளைச் செய்து பார்த்திருந்தது. டிரைவரை நீக்கி மீண்டும் நிறுவினார்கள். அச்சு வரிசையைக் கவனிக்கும் ஸ்பூலர் சேவையை நிறுத்தித் தொடங்கினார்கள். வீட்டு ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். கடைசியாகப் பிரிண்டரையே மாற்றித் தரலாம் என்று டிக்கெட்டில் எழுதியிருந்தார்கள். அந்த நிலையில்தான் நெட்வொர்க் பிரிவுக்குத் துணையாக இருக்கும் என்னிடம் அது வந்தது. பிரிண்டருக்கு எந்தக் கோளாறும் இல்லை என்பதற்கான சான்று முதல் நாள் பதிவிலேயே இருந்தது. வி.பி.என். இல்லாத அவருடைய கைபேசி, அதே வைஃபையில், அதே நேரத்தில், அதே பிரிண்டரில் தடையில்லாமல் அச்சிட்டது.

தொழில்நுட்பத்துக்குள் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதைச் சின்ன அசௌகரியம் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இவர் ஒவ்வொரு முறையும் கோப்பைச் சர்வரிலிருந்து லேப்டாப்பில் இறக்கி, வி.பி.என். இணைப்பைத் துண்டித்து, அச்சிட்டு, மறுபடி இணைத்து, ஓடிபி கொடுத்து, கோரிக்கை மென்பொருளில் புதிதாக உள்நுழைந்துகொண்டிருந்தார். பொறுமைசாலி. எல்லோரும் அப்படி இருப்பதில்லை. அதே பிரிவில் சிலர் நோயாளியின் ஆவணத்தைத் தங்கள் சொந்த மின்னஞ்சலுக்கோ வாட்ஸ்அப்புக்கோ அனுப்பி, கைபேசியிலிருந்து அச்சிட்டிருக்கிறார்கள். ஒருவருடைய நோய், அறுவை சிகிச்சை, ஆதார் நகல் எல்லாம் அடங்கிய கோப்பு அது. எந்தத் தகவல் வெளியே போகக் கூடாது என்று பிரிண்டரை அடைத்தார்களோ, அந்த அடைப்பின் காரணமாகவே அது வெளியே போயிற்று. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிய நாட்டில் இதை அலுவலகம் தன் பொறுப்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். பணியாளருக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவது தீர்வாகாது.

பாதை இருந்தது, அனுமதி இல்லை

அந்த வீட்டின் நெட்வொர்க் எளிமையானது. ஃபைபர் இணைப்போடு வந்த ஒரே ரூட்டர், அதன் முகவரி 192.168.1.1. லேப்டாப் 192.168.1.23, பிரிண்டர் 192.168.1.40. பிரிண்டரின் முகவரியை அறிய, அதன் மெனுவில் உள்ள நெட்வொர்க் அறிக்கையை அச்சிடச் சொன்னால் போதும். பெரும்பாலான மாடல்களில் அந்த வசதி உண்டு. வி.பி.என். இணைந்ததும் லேப்டாப்புக்கு 10இல் தொடங்கும் இரண்டாவது முகவரி ஒன்று கிடைக்கிறது.

இணைப்பு இருக்கும்போது எந்த முகவரிக்கான தகவல் எந்த வழியாகப் போக வேண்டும் என்று சொல்லும், விண்டோஸின் வழித்தட அட்டவணையை எடுத்துப் பார்த்தோம். கட்டளைச் சாளரத்தில் ‘ரூட் பிரிண்ட்’ என்று கொடுத்தால் வரும். நமக்கு வேண்டிய வரிகள் நான்கு. 0.0.0.0 என்ற இலக்கு, அதாவது ‘வேறு எங்கும் சேராத எல்லாம்’, வி.பி.என். வழியாகப் போக வேண்டும் என்றது முதல் வரி. அதே இலக்குக்கு வீட்டு ரூட்டரைக் காட்டும் பழைய வரியும் இருந்தது. ஆனால் அதன் மெட்ரிக் (சிறியதற்கே முன்னுரிமை தரும் எண்) பெரியது என்பதால் அதற்கு வேலை இல்லை. சென்னையில் உள்ள வி.பி.என். சர்வரின் ஒற்றை முகவரிக்கு மட்டும் வீட்டு ரூட்டர் வழியாகப் போ என்றது மூன்றாவது வரி. அது இல்லாவிட்டால் டனலே, அதாவது வி.பி.என். அமைக்கும் மறைகுறியாக்கப்பட்ட பாதையே, நிற்காது. நான்காவது வரி, 192.168.1.0/24 (192.168.1இல் தொடங்கும் முகவரிகள் எல்லாம்) இந்த லேப்டாப்போடு நேரடியாக இணைந்திருக்கிறது, எந்த ரூட்டரும் தேவையில்லை என்றது.

இந்த நான்காவது வரி இருந்தாலே பிரிண்டரை எட்ட முடிய வேண்டும். ஒரு முகவரிக்கு இரண்டு வரிகள் பொருந்தினால், எது குறிப்பானதோ அதையே கணினி எடுக்கும். கடிதத்தில் தெருவும் கதவு எண்ணும் இருக்கும்போது தபால்காரர் மாவட்டத்தின் பெயரைப் பார்த்து நிற்பதில்லை. 192.168.1.40 என்ற முகவரிக்கு ‘எல்லாம்’ என்ற வரியும் பொருந்தும், 192.168.1.0/24 என்ற வரியும் பொருந்தும், பின்னதே வெல்லும். ‘முழு டனல் வி.பி.என். போட்டால் உள்ளூர் பிரிண்டரும் சென்னை சுற்றித்தான் போகும்’ என்று பலரும் சொல்வது இந்த வகையில் சரியல்ல. லேப்டாப்பில் வி.பி.என்.ஐ இயக்கும் சில கிளையன்ட் மென்பொருள்கள் அந்த உள்ளூர் வரியின் மேலேயே தங்கள் வரியைச் சிறிய மெட்ரிக்கோடு எழுதிவிடும் என்பது உண்மை. அப்போது பாதையே மாறிவிடும். அதனால்தான் ஊகிக்காமல் அட்டவணையைப் பார்க்கச் சொல்கிறேன்.

இங்கே பாதை சரியாக இருந்தும் பிரிண்டருக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகவில்லை. எப்படிப் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பதிலுக்குக் காத்திருந்து நேரம் கடந்துவிட்டது என்ற செய்தி வரவில்லை. ‘ஜெனரல் ஃபெய்லியர்’ என்று உடனுக்குடன் நான்கு வரிகள் வந்தன. தகவல் பொட்டலம் வெளியே போய்ப் பதில் வராமலிருந்தால் முதல் செய்தி வரும். பொட்டலம் லேப்டாப்பை விட்டே கிளம்ப முடியாதபோது வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது செய்தி. வி.பி.என். கிளையன்ட், விண்டோஸின் வடிகட்டி அடுக்கில் தன் விதிகளைப் பதித்து, டனலைத் தவிர வேறு எதுவும் வெளியேறாதபடி தடுத்திருந்தது. வீட்டு ரூட்டரின் 192.168.1.1 முகவரிக்கும் அதே பதில் வந்ததும் ஐயம் தீர்ந்தது. இதற்கு மேல் டிரைவரை மாற்றுவதில் பொருள் இல்லை.

நிர்வாகியின் அச்சம் நியாயமானது

இந்த இடத்தில் பலர் குறுக்குவழி தேடுவார்கள். கையால் ஒரு வழித்தடத்தைச் சேர்ப்பது, கிளையன்டின் சேவையை நிறுத்துவது என்று இணையத்தில் யோசனைகள் கொட்டிக் கிடக்கின்றன. அலுவலக லேப்டாப்பில் அவற்றைச் செய்யக் கூடாது என்பதே என் கருத்து. தடை தெரிந்தே போடப்பட்டது. போட்டவரிடம்தான் பேச வேண்டும்.

பாதுகாப்பு நிர்வாகியிடம் பேசியபோது அவர் முதலில் மறுத்தார். “சார், வீடு என்று சொல்லி ஒரு விதியைத் திறந்தால், அதே லேப்டாப் நாளை ஏதோ ஒரு விடுதியின் வைஃபையிலும் அதே விதியோடுதான் இருக்கும்” என்றார். மறுக்க முடியாத வாதம் இது. உள்ளூர் நெட்வொர்க்குக்கு விலக்குத் தருவதில் உள்ள ஆபத்து 2023 ஆகஸ்டில் வெளியான டனல்கிராக் ஆய்வில் தெளிவாகக் காட்டப்பட்டது. தாக்குபவர் நடத்தும் வைஃபை, இணையத்தில் உள்ள ஒரு உண்மையான பொது முகவரித் தொகுதியையே ‘இதுதான் உங்கள் உள்ளூர் நெட்வொர்க்’ என்று கணினிக்குச் சொல்லும். உள்ளூர் என்றால் டனலுக்கு வெளியே விடு என்று கட்டளையிடப்பட்ட கிளையன்ட், அந்த முகவரிக்குப் போகும் தகவலை வெளியே விட்டுவிடும். 2024 மே மாதம் வெளியான டனல்விஷன் இன்னொரு வழியைக் காட்டியது. முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி நெறிமுறையில் 121ஆம் விருப்பம் என்று ஒன்று உண்டு; அதைக் கொண்டு, வி.பி.என். போட்ட பொதுவான வரியைவிடக் குறிப்பான வழித்தடங்களைக் கணினியில் புகுத்திவிடலாம். அந்த விருப்பத்தைக் கண்டுகொள்ளாத ஆண்ட்ராய்டு இதில் தப்பியது.

ஆக, கேள்வி திறக்கலாமா கூடாதா என்பதல்ல, எவ்வளவு திறப்பது என்பதே. டனல்கிராக் வகைத் தாக்குதலுக்கு எளிய தடுப்பு, தனியார் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்ட முகவரிகளுக்கு மட்டும் விலக்குத் தருவது. 1996இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணையத் தர ஆவணம் அவற்றை வரையறுக்கிறது: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. எந்தப் பொது இணையதளமும் இவற்றுக்குள் இருக்க முடியாது. இந்த அலுவலகத்தின் உள் நெட்வொர்க் முழுவதும் 10இல் இருந்ததால், 10ஐ விலக்கிலிருந்து எடுத்துவிட்டு மற்ற இரண்டை மட்டும் வைத்துக்கொள்வது என்று பேசினோம். அடுத்து, எந்த போர்ட் (சாதனத்தில் ஒரு சேவைக்கு உரிய வாசல் எண்)? அச்சிடுவதற்குப் பயன்படுபவை சிலவே. நேரடியாகப் பக்கங்களை அனுப்பும் ராவ் முறைக்கு 9100, ஐபிபிக்கு 631, பழைய எல்பிடி முறைக்கு 515, மூன்றும் டிசிபி என்ற இணைப்பு முறையில் இயங்குபவை. லேப்டாப்பிலிருந்து பிரிண்டரை நோக்கித் தொடங்கும் இணைப்பு மட்டும் போதும். வெளியிலிருந்து லேப்டாப்பை நோக்கி வருவது எதுவும் வேண்டாம்.

இது புதிய யோசனையும் அல்ல. சிஸ்கோவின் கிளையன்டில், முன்பு எனிகனெக்ட் என்றும் இப்போது செக்யூர் கிளையன்ட் என்றும் வழங்கப்படுவதில், உள்ளூர் நெட்வொர்க்கை அனுமதிக்க ஒரு டிக் பெட்டி உண்டு. பயனர் அதை டிக் செய்வதால் மட்டும் எதுவும் நடக்காது. சர்வர் பக்கத்திலும் விலக்குக் கொள்கை எழுதப்பட்டிருக்க வேண்டும். அங்கே 0.0.0.0/32 என்று எழுதினால், ‘பயனர் எந்த வீட்டு நெட்வொர்க்கில் இருக்கிறாரோ அது’ என்று கிளையன்ட் எடுத்துக்கொள்ளும். உள்ளூர் பிரிண்டருக்கு மட்டும் வழிவிடும் மாதிரி ஃபயர்வால் விதிகளையும் அதன் நிர்வாகக் கையேடு தருகிறது. 515, 631, 9100 ஆகியவற்றோடு, பெயர் தேடலுக்கான எம்டிஎன்எஸ், எல்எல்எம்என்ஆர் போன்றவையும் அதில் உண்டு. வேறு நிறுவனத்தின் கிளையன்ட் என்றாலும் நம் நிர்வாகி கிட்டத்தட்ட அதே பட்டியலையே எழுதி, சோதனைக்காக ஒரு சிறு குழுவுக்கு மட்டும் திறந்தார்.

திறந்த பிறகும் ஆஃப்லைன்

எல்லாம் சரியாகிவிடும் என்று அந்தப் பெண்மணி அச்சிட்டுப் பார்த்தார். மறுபடியும் ஆஃப்லைன். இத்தகைய புகார்கள் மாதக்கணக்கில் இழுப்பது இந்த இடத்தில்தான். நெட்வொர்க் பிரிவு ‘நாங்கள் திறந்துவிட்டோம்’ என்று டிக்கெட்டை மூடும். உதவி மையம் மறுபடி டிரைவரில் கைவைக்கும்.

பவர்ஷெல்லில் ‘டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்’ கட்டளையைக் கொண்டு 192.168.1.40இன் 9100 போர்ட்டைச் சோதித்தோம். இணைப்பு வெற்றி என்று வந்தது. அதாவது பாதையும் உண்டு, அனுமதியும் உண்டு, பிரிண்டர் பதிலும் தருகிறது. அப்படியிருந்தும் விண்டோஸ் அதை ஆஃப்லைன் என்கிறது என்றால், விண்டோஸ் அந்த முகவரியில் பிரிண்டரைத் தேடவே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

பிரிண்டர் பண்புகளில் ‘போர்ட்ஸ்’ பக்கத்தைத் திறந்தோம். டிக் செய்யப்பட்டிருந்த வரியில் ஐபி முகவரி இல்லை. டபிள்யூஎஸ்டி என்று தொடங்கி நீண்ட எழுத்துக் கோவை ஒன்று இருந்தது. விண்டோஸில் ‘பிரிண்டரைச் சேர்’ என்று கொடுத்து, பட்டியலில் தானாகத் தோன்றுவதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் இப்படித்தான் நிறுவப்படும். இந்த முறையில் பிரிண்டருக்கு நிலையான முகவரி தேவையில்லை. நெட்வொர்க் முழுவதற்கும் ஒரு மல்டிகாஸ்ட் அழைப்பை விடுத்து, பதில் சொல்லும் சாதனத்தை விண்டோஸ் அடையாளம் கண்டுகொள்ளும். வீட்டில் இது வசதிதான். ரூட்டர் முகவரியை மாற்றிக் கொடுத்தாலும் பிரிண்டர் தொலைந்துபோகாது. ஆனால் அந்த அழைப்பு போவது யுடிபி என்ற இன்னொரு முறையின் 3702 போர்ட்டில். நாம் திறந்த பட்டியலில் 3702 இல்லை. அழைப்பு வெளியே போகவில்லை, பதில் வரவில்லை, ஆகவே ஆஃப்லைன்.

3702ஐயும் திறந்துவிடலாமே என்று உதவி மையத்தில் ஒருவர் கேட்டார். எனக்கு அதில் விருப்பமில்லை. மல்டிகாஸ்ட் தேடல்களுக்கு எந்த அடையாளச் சரிபார்ப்பும் கிடையாது. யார் வேண்டுமானாலும் ‘நான்தான் பிரிண்டர்’ என்று பதில் சொல்லலாம். தெரிந்த ஒரு முகவரிக்கு நேரே போவதே நல்லது. எனவே உதவி மைய ஊழியர் தொலைநிலை இணைப்பில் வந்து, நிர்வாகி உரிமையோடு, ஏற்கெனவே இருந்த டிரைவரை வைத்துக்கொண்டு போர்ட்டை மட்டும் மாற்றினார். ‘ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்’ ஒன்றைச் சேர்த்து, 192.168.1.40 என்று கொடுத்து, ராவ், 9100 என்று வைத்தார்.

அதே பக்கத்தில் ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு’ என்ற டிக்கை எடுத்தாக வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். அது இருந்தால் விண்டோஸ் அவ்வப்போது யுடிபி 161 வழியாகப் பிரிண்டரின் நிலையைக் கேட்கும். அந்த போர்ட்டும் நாம் திறக்காதது. பதில் வராததைக் கண்டு, 9100 திறந்திருக்கும்போதே, விண்டோஸ் அதை ஆஃப்லைன் என்று முத்திரை குத்திவிடும். டிக்கை எடுத்ததும் வரிசையில் நின்ற பக்கங்கள் வரத் தொடங்கின. டோனர் குறைவு, தாள் சிக்கல் போன்ற எச்சரிக்கைகள் இனித் திரையில் சரியாகத் தெரியாது. பிரிண்டர் வீட்டிலேயே இருப்பதால் அது ஒரு குறையாக இல்லை.

நிலையான முகவரியில் நம்பிக்கை வைத்துவிட்டதால், அந்த முகவரி மாறாமல் இருக்க வேண்டும். ரூட்டரின் டிஹெச்சிபி பக்கத்தில் பிரிண்டரின் மேக் முகவரிக்கு (அதன் வன்பொருள் அடையாளம்) 192.168.1.40ஐ ஒதுக்கி வைத்தோம். பிரிண்டரின் மெனுவிலேயே நிலையான முகவரியைக் கொடுப்பதும் உண்டு. ரூட்டர் அதே எண்ணை வேறு சாதனத்துக்குக் கொடுத்துவிடக்கூடும் என்பதால் நான் அதை விரும்புவதில்லை.

மற்ற வீடுகள்

சோதனைக் குழுவில் இருந்த மற்றவர்களில் பெரும்பாலோருக்கும் இதே மாற்றம் போதுமானதாக இருந்தது. ஒரு வீடு மட்டும் அடங்கவில்லை. அதன் காரணம் நம் ஊர்களில் மிகப் பரவலாக இருப்பது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த வீட்டில் ஃபைபர் நிறுவனம் பொருத்திய பெட்டி ஒன்று. மாடிக்கு சிக்னல் எட்டவில்லை என்று அவரே வாங்கி வைத்த ரூட்டர் இன்னொன்று. முதலாவது 192.168.1 வரிசையில் முகவரி கொடுத்தது, இரண்டாவது 192.168.0 வரிசையில். பிரிண்டர் கீழே முதல் பெட்டியின் வைஃபையில், லேப்டாப் மேலே இரண்டாவதில். வி.பி.என். இல்லாதபோது இது வேலை செய்யும். லேப்டாப்புக்கு 192.168.1.0 என்ற நெட்வொர்க் தெரியாது. தெரியாததை எல்லாம் தன் ரூட்டரிடம் அனுப்பும். அந்த ரூட்டருக்குப் பிரிண்டர் இருக்கும் நெட்வொர்க் நேரடியாகத் தெரியும். வி.பி.என். வந்ததும் ‘தெரியாதது எல்லாம்’ என்ற வரி டனலுக்குப் போய்விடுகிறது. பிரிண்டருக்கான பக்கங்கள் சென்னைக்குப் போய், அங்கே அப்படி ஒரு முகவரி இல்லாமல் மடிகின்றன. உள்ளூர் விலக்கும் உதவாது. அது தடையை நீக்குமே தவிர, பாதையை மாற்றாது. லேப்டாப் நேரடியாக இருக்கும் 192.168.0.0/24 மட்டுமே அதன் கணக்கில் உள்ளூர். இங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான். இரண்டாவது ரூட்டரை, முகவரி கொடுக்காமல் வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றினால், வீடு முழுவதும் ஒரே நெட்வொர்க் ஆகிவிடும். மாற்றியதும் அச்சிட முடிந்தது.

அலுவலகமும் வீடும் ஒரே முகவரித் தொகுதியைப் பயன்படுத்துவது இன்னொரு தொல்லை. சிறிய அலுவலகங்கள் பலவும் ரூட்டரோடு வந்த 192.168.1.0/24ஐயே வைத்துக்கொள்கின்றன, வீடுகளிலும் அதேதான். 192.168.1.40 என்பது வீட்டுப் பிரிண்டரா, அலுவலகக் கணினியா என்று லேப்டாப்பால் பிரித்தறிய முடியாது. வீட்டில் 192.168.77 என்பது போல யாரும் வைத்திராத எண்ணுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. கெஸ்ட் வைஃபையில் லேப்டாப் இருந்தால், பல ரூட்டர்கள் சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்கவிடாது, அதற்கும் வி.பி.என்.னுக்கும் தொடர்பில்லை.

சொந்தமாக வி.பி.என். நடத்துபவர்களுக்கு இரண்டு குறிப்புகள். விண்டோஸில் வயர்கார்டு என்ற வி.பி.என். மென்பொருள், 0.0.0.0/0 (எல்லா முகவரிகளும்) கொடுத்தால், டனலுக்கு வெளியே போகும் எல்லாவற்றையும் தடுக்கும் ‘கில் ஸ்விட்ச்’ டிக்கைக் காட்டும். அதை எடுத்தால் முகவரி 0.0.0.0/1, 128.0.0.0/1 என்று இரண்டு பாதிகளாகப் பிரிந்து, உள்ளூர் பிரிண்டர் திரும்பி வரும். ஓபன்விபிஎன் என்ற மென்பொருளில் ‘பிளாக்-லோக்கல்’ என்ற சொல் அமைப்புக் கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளூர் அணுகலைத் தடுப்பதற்கென்றே உள்ள சொல் அது.

பிரிண்டர் மேசைக்குப் பக்கத்திலேயே இருந்து, ஒருவர் மட்டுமே அதைப் பயன்படுத்துகிறார் என்றால், மேலே சொன்ன எதுவும் இல்லாமல் ஒரு யுஎஸ்பி கேபிளைச் சொருகிவிடச் சொல்வேன். யுஎஸ்பி வழி போகும் பக்கங்கள் நெட்வொர்க்கைத் தொடுவதே இல்லை, வி.பி.என்.னுக்கு அதில் சொல்ல எதுவும் இல்லை. அலுவலகம் யுஎஸ்பி சாதனங்களைக் கட்டுப்படுத்தியிருந்தால் பிரிண்டருக்கு மட்டும் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். தஞ்சாவூர் வீட்டில் பிரிண்டர் வேறு அறையில் இருந்ததால் அந்த வழி எடுபடவில்லை.

ஸ்கேன்

அச்சிடுவது முடிந்ததும் அவர் கேட்ட அடுத்த கேள்வி ஸ்கேன் பற்றியது. கையெழுத்திட்ட படிவத்தை அதே இயந்திரத்தில் வைத்து, அதன் முகப்பில் உள்ள ‘கணினிக்கு அனுப்பு’ பொத்தானை அழுத்தினால் லேப்டாப்புக்கு எதுவும் வரவில்லை. காரணம் தெளிவு. அச்சிடும்போது இணைப்பைத் தொடங்குவது லேப்டாப். அந்தப் பொத்தானை அழுத்தும்போது தொடங்குவது பிரிண்டர். உள்ளே வரும் இணைப்புகளைத் திறப்பதில்லை என்று நிர்வாகி முதலிலேயே சொல்லியிருந்தார். அதில் அவர் அசையவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

மாற்று வழி அந்த இயந்திரத்திலேயே இருந்தது. அதன் முகவரியை பிரவுசரில் கொடுத்தால் திறக்கும் பக்கத்தில் ஸ்கேன் செய்யும் வசதி உண்டு. அதில் லேப்டாப்தான் கேட்கிறது, பிரிண்டர் கொடுக்கிறது. விலக்குத் தரப்பட்ட அதே தனியார் முகவரிகளுக்கு டிசிபி 443ஐயும் வெளியே போகும் திசையில் மட்டும் நிர்வாகி சேர்த்தார். முதல் முயற்சியில் பக்கம் திறக்கவில்லை. அலுவலக பிரவுசரின் கோரிக்கைகளை இடைநின்று அனுப்பும் ப்ராக்ஸி அமைப்பு அந்த முகவரியையும் சென்னைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 192.168.இல் தொடங்குவதை ப்ராக்ஸியின் விதிவிலக்கில் எழுதியதும் திறந்தது. படிவத்தைக் கண்ணாடியில் வைத்துவிட்டு, லேப்டாப்புக்கு வந்து ஸ்கேன் கொடுத்து, கோப்பை நேரே கோரிக்கை மென்பொருளில் ஏற்றுகிறார். சோதனைக் குழுவுக்கான அந்த விதி இப்போது கோரிக்கைப் பிரிவு முழுவதற்கும் தரப்பட்டிருக்கிறது.